தறிக்குழியில் தண்ணீர், கையில் அரிசிப் பணம்

வெள்ள நிவாரணப் பணத்தை இன்னதற்கு மட்டும் என்று நிபந்தனையோடு கொடுக்கலாமா? மூன்று ஊர் உறுப்பினர்கள் பேசிக்கொண்டது:

ஈரோட்டு உறுப்பினர்:

2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். பவானியில் காவிரிக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. நான் கணக்கு எழுதித் தரும் சிறிய அறக்கட்டளைக்கு ஒரு நிறுவனம் பணம் அனுப்பியது. 'அரிசி, மளிகை, போர்வைக்கு மட்டும்' என்று கூடவே ஒரு கடிதம். ஜமக்காளம் நெய்கிற ஊருக்குப் போர்வை! முகாமில் சோற்றுக்கும் குறைவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகுதான் உண்மையான தொல்லை. ஜமக்காளம் குழித்தறியில் நெய்வது. நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்கிற குழிக்குள் புகுந்த வெள்ளம் தானாக வெளியேறாது. ஒரு வீட்டில் தறியில் ஏற்றிய பாவு, அதாவது நீளவாட்டு நூல், அப்படியே நனைந்து, சிவப்பும் பச்சையும் ஒன்றில் ஒன்று இறங்கி, மேலே சேறு பூசிக் கிடந்தது. "அரிசி வேண்டிய மட்டும் இருக்கிறது கண்ணு. இந்தக் குழியை இறைத்துக் கொடுங்கள், நாங்கள் பிழைத்துக்கொள்வோம்" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. மோட்டார் வாடகை, டீசல், சேறு அள்ளும் கூலி, நூல் எதற்கும் கடிதத்தில் இடமில்லை. மாற்றிச் செலவு செய்யலாமா என்று கேட்டு எழுதினோம். நிறுவனத்தின் கமிட்டி கூடித்தான் முடிவு செய்யும் என்று பதில் வந்தது.

கைகொடுத்தவர் ஒரு மஞ்சள் மண்டிக்காரர். "தேவை எதுவோ அதற்குச் செலவழியுங்கள், ரசீதை ஒழுங்காக வையுங்கள்" என்றார். அன்று மாலையே மோட்டார் ஓடியது. கூலிக்கு ரசீது ஏது? வவுச்சரில் கையெழுத்து வாங்கி வைத்தேன். பிறகு மண்டிக்காரர் அத்தனை தாளையும் புரட்டிப் பார்த்து, டீசல் கணக்கில் என்னைக் குடைந்தெடுத்துவிட்டார். நிபந்தனை போடாதவர் கணக்கும் கேட்க மாட்டார் என்று நினைப்பவர்கள் மண்டிக்காரர்களோடு பழகியதில்லை.

திருப்பூர் உறுப்பினர்:

பணம் கொடுக்கிற நிறுவனத்தின் பக்கத்திலிருந்து ஒரு சொல். நிறுவனங்கள் சட்டம் 2013, 135ஆம் பிரிவின்படி சமூகப் பணிக்காக லாபத்திலிருந்து ஒதுக்கும் 2 சதவீதப் பணத்துக்கு ஆடிட்டர் கேள்வி கேட்பார். எங்களுக்கும் பயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற சட்டப் பட்டியலில் 2019இல் சேர்த்த பேரிடர் இனத்தில் நிவாரணம், மறுவாழ்வு, மறுசீரமைப்பு எல்லாமே வருகின்றன. 'அரிசி மட்டும்' என்று எழுதுவது சட்டமல்ல, எங்கள் பழக்கம். இப்போது எங்கள் கடிதத்தில் 'வெள்ள நிவாரணமும் மறுவாழ்வும்' என்றுதான் போடுகிறோம். பேனரோடு போட்டோ கேட்பதை மட்டும் முதலாளி இன்னும் விடவில்லை.

கோவை உறுப்பினர்:

2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய கொடையாளர்களும் தொண்டு அமைப்புகளும் கூடி, 2020க்குள் நிவாரண நிதியில் 25 சதவீதமாவது உள்ளூர் அமைப்புகளுக்குக் கூடியவரை நேரடியாகப் போக வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை. நம் நாட்டில் 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. அப்படி வந்த பணத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. கோவையில் இருக்கிற பெரிய அமைப்பு மனது வைத்தாலும் பவானி அறக்கட்டளைக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் தர வழியில்லை. மண்டியும் மில்லும்தான் நமக்குக் கதி. ஈரோட்டுக்காரரே, நூலுக்கு என்ன செய்தீர்கள்?

ஈரோட்டு உறுப்பினர்:

மண்டிக்காரர் பணத்தில் மிஞ்சியதை முன்பணமாகக் கட்டி, சாய நூல் கடையில் கடனுக்கு வாங்கினோம். எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை. கமிட்டியின் அனுமதி தீபாவளி நெருங்கும்போது வந்தது. கடைக்காரர் பாக்கியை அதில் தீர்த்தோம்.