மவுத்பீஸுக்கு ஊதுவாய் சரி, அதன் உறுப்புகளுக்கு?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஊதுகருவியில் வாய் வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையைத் தாமதமாகத்தான் படித்தேன். ‘வாய்த்துண்டு’, ‘இதழ்க்கிண்ணம்’, ‘ஊதுவாய்’ என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. வாய்த்துண்டு வேண்டாம். மவுத்தையும் பீஸையும் தனித்தனியே தமிழாக்கி ஒட்டியது அது. கேட்டால் கடித்தெடுத்த துண்டுதான் நினைவுக்கு வருகிறது. இதழ்க்கிண்ணம் அழகான சொல், ஆனால் கிண்ணம் அந்தப் பொருளின் ஓர் உறுப்பு மட்டுமே. கிளாரினெட்டிலும் மவுத்பீஸ் உண்டு, அதில் கிண்ணமே கிடையாது. ஆகவே என் ஓட்டு ஊதுவாய்க்கு.

அதோடு நிறுத்திவிட்டால் டூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிக்கிறவனுக்குப் பயனில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் கோயில் பேண்டில் பையன்களுக்குப் பித்தளைக் கருவிகள் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் எல்லை தாண்டி, கேரளத்தின் பாறசாலைப் பக்கமிருந்து வருகிறவர்கள். வீட்டில் மலையாளம், பேண்டில் இரண்டும் கலந்த பேச்சு. போன வருடம் எங்கள் டூபாவுக்கு அஞ்சலில் ஒரு ஊதுவாய் வரவழைத்தோம். கடைக்காரர் ‘பெரியது’ என்று எழுதியிருந்தார். கிண்ணம் பெரியது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பெட்டியைப் பிரித்து மாட்டிப் பார்த்தால் பாதியிலேயே நின்றுவிட்டது. பெரிதாக இருந்தது கிண்ணம் இல்லை, குழாய்க்குள் நுழைகிற தண்டு. ஐரோப்பிய அளவுத் தண்டு அது. எங்கள் டூபா அதைவிடச் சிறிய அமெரிக்க அளவு. அரை விரற்கடை வெளியே நின்றதால் குழாயின் நீளம் கூடி, சுருதியும் இறங்கிவிட்டது. எது பெரியது என்று சொல்லச் சொல் இருந்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது.

நாகஸ்வரக்காரர்களைப் பாருங்கள். சீவாளி, கெண்டை, உலவு, அணசு என்று உறுப்புக்கு உறுப்பு பெயர் வைத்திருக்கிறார்கள். சீவாளி சரியில்லை என்றால் சீவாளியைத்தான் மாற்றுவார்கள். நமக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

உதட்டில் படுவது விளிம்பு. இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஒரு மணி நேரம் வாசித்த பையனின் வாயைச் சுற்றி வட்டமாகத் தடம் விழுந்திருக்கும், அது விளிம்பின் வேலை. அடுத்தது கிண்ணம். டூபா கிண்ணத்தின் வாய் 32 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ட்ரம்பெட்டுக்கு அதில் பாதிதான். அகலத்தோடு ஆழத்தையும் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஹெல்லபெர்க் என்று பெயர் பெற்ற வகையில் கிண்ணம் சரிந்துகொண்டே போய் அடித்துளையில் இறங்கும். பாக் நிறுவனத்தின் 18-ஆம் எண் ஊதுவாயை உள்ளே விரல் விட்டுத் தடவினால் அடிப்பக்கம் உருண்டு வருவது தெரியும். முதலாவதைப் புனல் கிண்ணம் என்றும் இரண்டாவதைச் சிரட்டைக் கிண்ணம் என்றும் எங்கள் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். மறுபடி விளக்கத் தேவையே வரவில்லை. சிரட்டை எல்லைக்கு அந்தப் பக்கமும் சிரட்டைதான். சென்னை நண்பர்கள் கொட்டாங்குச்சி என்பீர்கள். இந்த இடத்தில் எங்கள் சொல்லுக்கு விட்டுக்கொடுங்கள். புனலில் ஒலி கனமாக, அகலமாக வரும். சிரட்டையில் ஒவ்வொரு சுரமும் ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக விழும்.

கிண்ணத்தின் அடியில் இருக்கும் குறுகிய துளைக்குக் ‘கழுத்து’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கழுத்து வெளியிலிருந்து பார்ப்பது, இது உள்ளே இருப்பது. தொண்டை என்பதே பொருந்தும். அதைத் தாண்டி மெல்ல அகலும் உள்வழிக்கு விரிதுளை என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

குழாய்க்குள் நுழையும் பகுதிக்குக் ‘காம்பு’ என்று எழுதிய ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தமிழில் அது அருமையான சொல். மலையாளத்தில் காம்பு என்றால் உள்ளே இருக்கும் சாறுள்ள பகுதி, சாரம். எங்கள் பேண்டில் ஒருவன் அதைக் கேட்டுக் கிண்ணத்துக்குள்ளே தேடினான். தண்டு இரண்டு மொழியிலும் தண்டுதான்.

இன்னொன்று, ஊதுவாய்களுக்கு நிறுவனங்கள் இடும் எண்கள். பாக் வரிசையில் எண் குறையக் குறையக் கிண்ணம் அகலமாகும். யமஹாவில் எண் கூடக் கூட அகலம் கூடும். ஆகவே ‘பெரிய எண்’ என்று யாராவது எழுதினால் எந்த நிறுவனம் என்று கேளுங்கள். நம் பட்டியலில் எண்ணுக்குப் பதிலாகக் கிண்ண அகலத்தை மில்லிமீட்டரிலேயே போட வேண்டும் என்பது என் கருத்து.

டூபாவுக்கே தமிழ்ப்பெயர் வேண்டுமா என்பதும் பேச்சில் வந்தது. மலைபடுகடாம் ‘களிற்றுயிர்த் தூம்பு’ என்று ஒன்றைச் சொல்கிறது; யானை மூச்சுவிடும் துதிக்கை போன்ற நீண்ட ஊதுகருவி. பெருந்தூம்பு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 1835-இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற கருவி, டூபா என்றே எல்லா ஊருக்கும் போயிருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. தண்டு போய் உட்காரும் டூபாவின் வாய்ப்பகுதிக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. ‘கூடு’ என்று சொல்லிப் பார்க்கிறேன், மனம் ஒப்பவில்லை. லேத் பட்டறையிலோ தச்சு வேலையிலோ பழகியவர்கள் குழுமத்தில் இருந்தால் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.