"ஏழரைக்குக் கூப்பிடுங்க" என்றவர்

குடிநீரில் கழிவுநீர் கலந்து வயிற்றுப்போக்கு பரவிய நேரம். அரசுச் செய்திக்குறிப்பில் பாதிக்கப்பட்டவர்கள் 11 பேர் என்றிருந்தது. செய்தி சேகரிக்கப் போன நானே வார்டில் கட்டில் கட்டிலாக எண்ணியது 43. மாலை 6.40க்கு மக்கள் தொடர்பு அலுவலரை அழைத்தேன். மழுப்புவார் என்றுதான் நினைத்தேன்.

"சார், அந்த 11 காலையில எடுத்த கணக்கு, அதைப் போட்டுடாதீங்க. புதுக் கணக்கு இன்னும் என் கைக்கு வரல. ஏழரைக்குக் கூப்பிடுங்க."

ஏழரைக்கு அவரே கூப்பிட்டார். 52 பேர், மருத்துவமனை வாரியாக. நான் போகாத இரண்டு மருத்துவமனைகளும் அதில் இருந்தன. அவரை நம்பாமல் 43 என்று எழுதியிருந்தால் நானும்தான் தப்பாக எழுதியிருப்பேன்.

அதற்கு நேர்மாறான ஒருவரையும் பார்த்திருக்கிறேன். பேச்செல்லாம் தேன். கேள்வியை எழுத்தில் அனுப்பச் சொல்வார். அனுப்பினால், பக்கம் முடித்து அச்சுக்குப் போன பிறகு நான்கு வரி பதில் வரும். மறுநாள் "எங்கள் தரப்பைக் கேட்கவில்லை" என்று மறுப்பு வேறு. தகவல் பெறும் உரிமைக்கு ஸ்வீடன் 1766லேயே சட்டம் போட்டுவிட்டது; இன்று பல நாடுகளில் அப்படிச் சட்டம் இருக்கிறது. ஆனால் மனு போட்டுப் பதில் வாங்க வாரக்கணக்கில் ஆகும். இன்றைய செய்திக்கு இன்று மாலை போனை எடுக்கிற ஆள்தான் வேண்டும்.

மறுமொழி:

நான் அந்தப் பக்கம், மக்கள் தொடர்பு அலுவலராக வேலை பார்த்தவள். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்ததும், பொறியாளரைக் கேட்டால் மேலதிகாரியைக் கேளுங்கள் என்பார். மேலதிகாரி கூட்டத்தில் இருப்பார். அதற்குள் இன்னும் ஐந்து நிருபர்கள் அழைத்துவிடுவார்கள். எல்லோரிடமும் அதே வாக்கியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு நிருபர் மட்டும் எப்போதும் இப்படி அனுப்புவார்: "இந்த எண்ணிக்கையைத்தான் போடப்போகிறோம். தவறு இருந்தால் 8 மணிக்குள் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்." அந்தச் செய்தி வந்தால் கூட்டம் நடக்கும் அறைக்குள்ளேயே போய், போனை அதிகாரி முன்னால் வைத்துவிடுவேன். பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். அவர் என்னிடம் ஒருநாளும் குழைந்து பேசியதில்லை. எங்கள் துறையைக் கடுமையாக எழுதியவரும் அவர்தான். ஆனாலும் அவர் போனை நான் எடுக்காமல் விட்டதே இல்லை.