செத்தது யாருன்னு கேக்குறதுக்கு முன்னால

நாகர்கோவிலிலிருந்து (ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்)

2025 ஜூன் 14, சனிக்கிழமை. சாயங்காலம் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன். அவள் குடும்பத்தோடு அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் புரூக்ளின் பார்க் பக்கம் இருக்கிறாள். அங்கே அப்போது விடியற்காலை. "அப்பா, வீட்ட விட்டு வெளிய வரக்கூடாதுன்னு போனுக்கு எச்சரிக்கை வந்திருக்கு. போலீஸ் வேசத்துல ஒருத்தன் ஆளுகள சுட்டுட்டு சுத்துதானாம். போலீஸ் உடுப்புல ஆள் வந்து தட்டுனாலும் உடனே திறக்காதீங்கன்னு போலீசே சொல்லுது" என்றாள்.

கதவைத் திற என்று போலீஸ் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திறக்காதே என்று போலீசே சொல்லி அன்றுதான் கேட்டேன். வீடியோவில் பேரனின் முகம் தெரிந்தது, அவள் பின்னால் கதவுக்குக் குறுக்கே சோபாவை இழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த ராத்திரியில்தான் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மனையும் அவர் கணவரையும் அவர்கள் வீட்டிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குச் சற்று முன்னால் ஜான் ஹாஃப்மன் என்ற மாநிலச் செனட்டரையும் மனைவியையும் அவர்கள் வீட்டில் சுட்டிருந்தான். அவர்கள் இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆள் மறுநாள் ராத்திரிதான் பிடிபட்டான்.

அவன் பிடிபடும் முன்பே அங்கே பேச்சு தொடங்கிவிட்டது. யூட்டா மாநிலத்துச் செனட்டர் மைக் லீ, குடியரசுக் கட்சிக்காரர், மார்க்சியவாதிகள் நினைத்தது நடக்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்ற பொருளில் கேலியாகப் பதிவு போட்டார். இறந்த பெண்மணி ஜனநாயகக் கட்சி. அவர் பக்கத்து ஆட்கள் மேலேயே பழியைப் போடும் பேச்சு. மினசோட்டா செனட்டர் டினா ஸ்மித் நேரில் போய்க் கேட்ட பிறகு லீ அதை நீக்கினார். பிணம் அடக்கம் ஆகவில்லை, அதற்குள் கேலி. எனக்கு வயிறு எரிந்தது.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, அதே யூட்டாவில், ஓரெம் ஊரில் யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் பேசிக்கொண்டிருந்த சார்லி கர்க் என்ற, டிரம்பை ஆதரித்த வலதுசாரிப் பேச்சாளரைச் சுட்டுக் கொன்றார்கள். 31 வயது. அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்சப் குழுவில், அத்தை மகன் ஒருவன் சிரிக்கிற முகம் போட்டான். இன்னொரு மச்சான், "இந்த இடதுசாரிப் பயலுகள ஒண்ணுவிடாம ஒழிக்கணும்" என்று எழுதினான். இரண்டு பேரும் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஜூன் மாதம் என்ன எழுதியிருந்தார்கள் என்று பின்னால் தள்ளிப் பார்த்தேன். ஜூனில் சாபம் போட்டவன் செப்டம்பரில் சிரிக்கிறான். ஜூனில் ஒன்றும் மிண்டாமல் இருந்தவன் செப்டம்பரில் கொதிக்கிறான்.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். சுட்டவன் யார் என்று தெரியாத அந்த ஒன்றரை நாளும் என் மனசு வேண்டிக்கொண்டது, "அவன் நம்ம நாட்டுக்காரனா இருக்கக்கூடாது" என்று. செத்தவனுக்காக வேண்டவில்லை. பிறகு யூட்டா கவர்னர் ஸ்பென்சர் காக்ஸ் பேசியதைக் கேட்டேன். சுட்டவன் எங்கள் ஆளாக இருக்கக்கூடாது, வேறு மாநிலத்தானாகவோ வேறு நாட்டானாகவோ இருக்கட்டும் என்று 33 மணி நேரம் வேண்டினேன், என் வேண்டுதல் பலிக்கவில்லை என்றார். ஒரு கவர்னர் அதை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாரே என்று இருந்தது.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். அமெரிக்காவாக இருக்க வேண்டும் என்றில்லை.


மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடப்புறத்திலிருந்து (நர்ஸ்)

அண்ணாச்சி, நீங்க அமெரிக்கான்னு எழுதினீங்க. எனக்கு 1982 தான் ஞாபகம் வந்தது. மார்ச் 1, மண்டைக்காட்டு அம்மன் கொடை. எனக்குப் பத்து வயசு. கோயிலுக்கு வந்த இந்துக்களுக்கும் கடப்புறத்துல இருக்கிற கிறிஸ்தவ மீனவ ஆட்களுக்கும் தகராறு, போலீஸ் துப்பாக்கிச்சூடு, எங்க ஆட்கள்ல 6 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் நாள்கணக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடுகள் எரிஞ்சது. வேணுகோபால் ஆணையம் விசாரிச்சது, குன்றக்குடி அடிகளார் ஊர் ஊரா வந்து சமாதானம் பேசினார். அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான் சொல்ல வந்தது எங்க அம்மையைப் பத்தி.

அம்மை தலைச்சுமையா மீன் கொண்டுபோய் உள்நாட்டு ஊர்கள்ல விற்பாங்க. கடப்புறத்துல எங்களுக்கு அந்தப் பக்கம் எல்லாமே 'உள்நாடு'தான். கலவரத்துக்குப் பிறகு பல மாசம் போகல. வீட்ல கஞ்சிக்கு வழியில்ல. வதந்திக்கு மட்டும் குறைச்சல் இல்ல. உள்நாட்டிலிருந்து லாரியில ஆள் வருதுன்னு எங்க ஊர்ல சொன்னாங்க, கடல் வழியா வள்ளத்துல ஆள் வருதுன்னு அங்க சொல்லியிருக்காங்க. வாட்சப் இல்லாத காலம், வதந்தி சைக்கிள்ல வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபடியும் போன முதல் நாள் என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. பிள்ளை கூட இருந்தா அடிக்க மாட்டாங்கன்னு நினைச்சிருக்காங்கன்னு இப்போ தோணுது, அப்போ எனக்குத் தெரியல. முதல் வீட்ல, பதினைஞ்சு வருசமா எங்ககிட்ட மீன் வாங்கினவங்க, திண்ணையில நின்னே கேட்டாங்க: "உங்க ஆளுகதானே தொடங்குனது?" அம்மை பதில் சொல்லல. குட்டையைத் தலையில வச்சுட்டு நடந்தாங்க. நாலு வீடு தள்ளி ஒரு வயசான அம்மா, நெத்தியில குங்குமம், நடைக்கு இறங்கி வந்தாங்க. குட்டையைத் தானே கைகொடுத்து இறக்கினாங்க. "பிள்ளைய எல்லாம் சொகமா இருக்கா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் அழுதாங்க. மீன் விலை பேசவே இல்ல.

திரும்பி வந்தா எங்க ஊர்ல ஒரு கூட்டம் நிக்குது. "நம்ம ஆளுக 6 பேர் செத்துக் கெடக்கான், நீ அவிய வீட்டுக்கு மீன் கொண்டுபோறியா?" உள்நாட்டுல வாய் திறக்காத அம்மை, இங்கதான் பேசினாங்க. "எரிஞ்சது அவிய வீடும்தான். அதை யாரு எண்ணுனது?" அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டு ஓட்டு மேல கல்லு விழுந்தது. எறிஞ்சது உள்நாட்டான் இல்ல.

அந்தக் கல்லுச் சத்தம் எனக்கு இப்பவும் கேக்கும். வெளியாள் அடிச்சா தாங்கிக்கலாம். நம்ம ஆளுகிட்ட நியாயம் பேசிட்டு வீட்டுக்குள்ள தனியா உட்கார்ந்திருக்கிற ராத்திரி ரொம்ப நீளம்.


கன்னியாகுமரியிலிருந்து (பாசிமணிக் கடை)

காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். அஸ்தி வைத்திருந்த இடம் அது. அக்டோபர் 2 மத்தியானம் அந்த இடத்தில் வெயில் விழுவதைப் பார்க்கக் கூட்டம் வரும். ஒரு வருசம் டூரிஸ்ட் பஸ்ஸில் வந்த பையன்களில் ஒருவன் சுட்டவனைப் புகழ்ந்து ஏதோ சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதே பஸ்ஸில் வந்த பெரியவர் ஒருவர், அவர்களுக்குச் சொந்தக்காரர் போல, "1948லயும் இனிப்பு குடுத்தானுவ. அதைப் படேலே கடிதத்துல எழுதி வச்சிருக்காரு" என்றார். சிரிப்பு நின்றது. பிறகு அவரே மெதுவாகச் சொன்னது: "சுட்டவன் பிறந்த சாதின்னு சொல்லி மராட்டியத்துல ஒண்ணும் அறியாத பிராமணக் குடும்பங்க வீட்டையும் கொளுத்துனானுவ. காந்தி பேரைச் சொல்லிக் கொளுத்துனானுவ." 79-வது வயது நடக்கும்போது போனவர் என்பதால் மண்டபத்தின் உயரமும் 79 அடி. அந்தப் பையன்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.


குலசேகரத்திலிருந்து (என்ஜினியரிங் முடித்தவன்)

எல்லாரும் பெரியவங்க. நான் கொஞ்சம் மாறிப் பேசுறேன், மன்னிக்கணும்.

அந்தச் சிரிப்பு முகம் போட்ட அத்தை மகன் மாதிரிதான் நானும். சாவதற்கு ஒரு வாரம் முன்னாலதான், இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இனி விசா வேண்டாம், இடம் நிறைஞ்சாச்சுன்னு கர்க் எழுதினார். எங்க வீட்ல எனக்கு விசா கிடைக்கணும்னு நேர்ச்சை வச்சிருக்காங்க. கடன் வாங்கிப் படிச்சவன் நான். என்னை வராதேன்னு சொன்னவர் செத்தா நான் எதுக்கு அழணும்? இப்பவும் அந்தக் கேள்வியை நான் விடல. அவர் பேச்சை வெறுக்க எனக்கு உரிமை இருக்கு.

ஆனா நடந்ததைச் சொல்றேன். அமெரிக்காவுல இருக்கிற சீனியர் ஒருத்தர் ராத்திரியே கூப்பிட்டு, "லே, உடனே அழி, இங்க இதுக்கு வேலையே போகுது"ன்னார். அழிச்சேன். உண்மையாவே அங்க பதிவு போட்டதுக்காக நிறையப் பேருக்கு வேலை போச்சு. ஜிம்மி கிம்மல்னு ஒரு டீவி நகைச்சுவைக்காரர் நிகழ்ச்சியையே சில நாள் நிறுத்தி வச்சாங்க. அக்டோபர்ல இதே காரணத்துக்காக 6 வெளிநாட்டவர் விசாவை ரத்து பண்ணினாங்க. பேச்சுரிமைன்னு மேடை போட்டவருடைய சாவுக்காகப் பேச்சை அடைக்கிறது எந்த நியாயம்? பயத்துல ஒருத்தன் வாயை மூடினா அவன் மனசு மாறிருச்சுன்னு அர்த்தமா? நான் அழிச்சது பயத்துல. வெட்கம் அன்னைக்கு வரல.

வெட்கம் வந்தது மறுநாள் காலையில. பாட்டி, எழுபது வயசு, இப்பவும் விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போறவங்க. டீவியில அவர் படத்தைப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டாங்க: "மக்களே, இவனுக்குப் பிள்ளைய உண்டா?" ரெண்டு சின்னப் பிள்ளைங்கன்னு சொன்னேன். "ஐயோ"ன்னு மட்டும் சொல்லிட்டுப் பால் வாளியை எடுத்தாங்க. அவர் என்ன கட்சி, விசா பத்தி என்ன சொன்னார், எதையும் கேக்கல. நான் சொல்ல வாய் எடுத்தேன், வரல.

செப்டம்பர் 21 அஞ்சலிக் கூட்டத்துல அவர் மனைவி, சுட்ட பையனை மன்னிச்சுட்டேன்னு சொன்னதைப் பாட்டிக்கு மொழிபெயர்த்தேன். "ஒரிசாவுல புருசனையும் ரெண்டு ஆண்பிள்ளையளையும் ஜீப்புல வச்சு எரிச்சப்போ அந்த கிளாடிஸ் அம்மாளும் இப்படித்தான் சொன்னா"ன்னாங்க. கிரகாம் ஸ்டெயின்ஸ் பாதிரியாரோட மனைவியைச் சொன்னாங்க, 1999ல நடந்தது. அதுக்கப்புறம் அதே மேடையில டிரம்ப், என் எதிரிகளை நான் வெறுக்கிறேன்னு சொன்னதையும் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் ஒண்ணும் மிண்டல. "அந்தப் பிள்ளை சொன்னதுக்குப் பொறவு அதைச் சொல்லணுமா?"ன்னு கேட்டாங்க.


புதுக்கடையிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

தம்பி, நீ உன் கேள்வியை விடாதே. வெறுக்கும் உரிமை உனக்கு உண்டு. அதையும் ஒரு பிணத்தைப் பார்த்துச் சிரிப்பதையும் நீயே பிரித்துவிட்டாய், உன் பாட்டி புண்ணியம்.

கடப்புறத்துத் தங்கை எழுதிய கல்லைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் வரலாறு நெஞ்சில் வந்தது. 1954 ஆகஸ்ட் 11. தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர்களைத் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் மார்த்தாண்டத்திலும் எங்கள் புதுக்கடையிலும் சுட்டது. ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. சுதந்திர இந்தியாவில் சோஷலிஸ்டுகளுக்குக் கிடைத்த முதல் ஆட்சி அது, அதுவும் காங்கிரஸ் ஆதரவில் நின்ற சிறுபான்மை ஆட்சி.

எங்கள் அப்பா சாகும்வரை "மலையாளத்துப் போலீஸ் சுட்டான்" என்றுதான் சொல்வார். நானும் பல வருடம் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். எதிராளி யார் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

ஒரு வருடம் ஆகஸ்ட் 11க்குப் பிள்ளைகளைத் தியாகிகள் நினைவிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அவனுடைய அம்மா பாறசாலைப் பக்கத்துக்காரி, மலையாளம் பேசும் வீடு. என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டான்: "ஐயா, அந்தப் பக்கத்துல ஒருத்தர்கூட இது தப்புன்னு சொல்லலியா?" என்னிடம் பதில் இல்லை. அவன் முகம் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

சொல்லியிருக்கிறார்கள். ராம் மனோகர் லோகியா, அன்று அதே பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர், வடக்கே சிறையில் இருந்தார். அங்கிருந்தே தந்தி அடித்தார்: துப்பாக்கிச்சூட்டுக்குப் பொறுப்பேற்று ஆட்சி பதவி விலக வேண்டும். சொந்தக் கட்சி ஆட்சி! பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு கையில் கிடைத்த ஒரே ஒரு ஆட்சி! செத்தது அவர் மொழி பேசியவர்கள் அல்லர், அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் அல்லர். ஆயுதமில்லாத மக்களைச் சுட்டு எந்த அரசு நிலைத்தாலும் அது நம் அரசு அல்ல என்பதுதான் அவர் நிலைப்பாடு. கட்சி கேட்கவில்லை. பதவி விலகத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. லோகியா பொதுச்செயலாளர் பதவியை விட்டார், கட்சியும் பிறகு உடைந்தது. அவர் வீட்டுக் கூரையிலும் கல் விழுந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணியை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் நம் பிணங்களுக்காகத் தன் கட்சியோடு சண்டை போட்டுத் தோற்ற ஒருவரை நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே ஒரு பிள்ளை கேட்ட பிறகுதான் தெரிந்தது.

மறு வருடம் அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பு. கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ இருந்திருக்காரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த வருடம் நினைவிடத்துக்கு அவனே செம்பருத்திப் பூ பறித்துக்கொண்டு வந்தான்.


நாகர்கோவிலிலிருந்து (மறுபடியும்)

எல்லாவற்றையும் மகளுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு விஷயம் சொன்னாள். அவர்கள் தெருவில் தேர்தல் சமயத்தில் வீட்டுக்கு வீடு எதிரெதிர்க் கட்சிப் பலகைதான். எதிர்வீட்டுக்காரர் ஹார்ட்மன் கட்சிக்குக் கடும் எதிர்ப்பு, அவரோடு மருமகன் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. ஜூன் மாதக் கடைசியில் ஹார்ட்மன் தம்பதியின் உடல்களை மாநிலச் சட்டமன்றக் கட்டிடத்தில் அஞ்சலிக்கு வைத்திருந்தார்கள். அவர்களோடு அதே ராத்திரி சுடப்பட்ட அவர்களுடைய நாயின் அஸ்தியும் பக்கத்தில். மகள் போய் வரிசையில் நின்றாளாம். நாலைந்து பேர் முன்னால் அந்த எதிர்வீட்டுக்காரர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. திரும்பிப் பார்த்தாராம், தலையை அசைத்தாராம், பேசவில்லையாம்.

நான் அந்த மச்சானுக்கும் அத்தை மகனுக்கும் தனித்தனியாக போன் செய்தேன். அத்தை மகன் எடுத்தான், சண்டை போட்டான், ஆனாலும் அரை மணி நேரம் பேசினான். மச்சான் இன்னும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வடசேரிச் சந்தைக்குப் போகும் வழியில் அவன் வீட்டுக்கே போகலாம் என்றிருக்கிறேன்.