சுழி வேறு, புரி வேறு: ‘கைரல்’ என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

காந்தம், ஒளி, மூலக்கூறு மூன்றும் சேரும் ஓர் அறிவியல் தொடரைத் தமிழாக்குவது பற்றி எழுதுகிறேன். அதில் வரும் ‘கைரல்’ (chiral) என்பது, வலக்கையும் இடக்கையும்போல, தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத வடிவம். அப்பண்புக்குக் ‘கைமை’ என்ற பரிந்துரையை ஏற்க மனம் வரவில்லை. கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இயற்பியலாளர் கெல்வின் ஆக்கிய சொல் ‘கைரல்’, எனவே வேர் பொருந்துகிறது. ஆனால் ‘கைமை’ காதில் ‘கைம்மை’ என்றே விழும். ‘சீர்மையின்மை’ என்றால் பொருளிலேயே பிழை. மூன்று அலகுள்ள காற்றாடி போன்ற கைரல் மூலக்கூறுக்குச் சுழல் அச்சுச் சீர்மை உண்டே!

நான் முன்வைப்பது ‘புரிமை’. வலம்புரிச் சங்கை எப்படித் திருப்பினாலும் இடம்புரியோடு பொருந்தாது. கண்ணாடியில்தான் ஒன்று மற்றதாகும். இலக்கணமே அதுதான். ‘புரி’ என்றால் விளங்குதல்தானே நினைவுக்கு வரும் என்பீர்கள். கயிற்றின் புரியும் நமக்குப் பழகியதே.

‘வலஞ்சுழி, இடஞ்சுழி’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? இங்கேதான் கவனம் வேண்டும். சுழி என்பது ஒளியின் முனைவுத் தளம் (ஒளி அலை அதிரும் தளம்) திரும்பும் திசை. புரி என்பது மூலக்கூறின் அமைப்பு. அமைப்பை மட்டும் பார்த்து ஒளி எப்பக்கம் திரும்பும் என்று நேரடியாகச் சொல்லிவிட முடியாது. ஃபாரடே 1845-இல் புரிமையே இல்லாத ஈயக் கண்ணாடியில் காந்தப்புலத்தால் ஒளித்தளத்தைத் திருப்பினார். அதே வழியில் ஒளியைத் திருப்பி அனுப்பினால் புரிமையால் வந்த சுழற்சி அழியும். காந்தத்தால் வந்தது இரட்டிக்கும். ஆகவே ஃபாரடே விளைவு ‘காந்தச் சுழற்சி’ மட்டுமே.

காந்தமும் புரிமையும் கைகோக்கும் இடத்துக்குக் ‘காந்தப்புரி விளைவு’ என்கிறேன். 1997-இல் ரிக்கன், ராவ்பாக் என்ற ஆய்வாளர் இருவரும் யூரோப்பியம் என்ற உலோகத்தின் அணைவுச் சேர்மம் ஒன்றில் கண்டது அது: முனைவுறாத (ஒரே தளத்தில் அதிராத) ஒளிகூடக் காந்தப்புலத்தின் திசையிலும் எதிர்த்திசையிலும் வெவ்வேறு அளவில் உமிழப்பட்டது. வேறுபாடு மிகச் சிறிது. காந்தத் திருப்புத்திறன் (ஓர் அயனியின் காந்த வலிமை) மிகுந்த டெர்பியம், டிஸ்புரோசியம் போன்ற லாந்தனைடு வரிசை உலோகங்களின் அயனிகளை ஒரே மூலக்கூறில் பல சேர்த்துக் கட்டிப் பார்ப்பது அதனால்தான்.

அந்தக் கட்டுக்கு (cluster) ‘திரள்’ வேண்டாம், ‘கொத்து’ போதும். பூக்களைக் காம்பு பிடித்திருப்பதுபோல அயனிகளை ஆக்சிஜன் பாலங்கள் பிடித்திருக்கின்றன. மறுவினைக்கு (response) ‘துலங்கல்’ என்பதை விடவே கூடாது. தூண்டலுக்கு எதிர்வருவதும் ஒளிர்வதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ‘enhancement’ என்பதற்கு ‘மேம்படுத்தல்’ என்றால் அது தரத்தைச் சொல்கிறது. இங்கே கூடவேண்டியது அளவு, எனவே ‘வலுவூட்டல்’.

முழுத்தொடர்: புரிமை கொண்ட லாந்தனைடுக் கொத்துகளில் காந்த ஒளித் துலங்கலை வலுவூட்டல்.

புரிமை இல்லாததைப் ‘புரியிலி’ எனலாம். வலமும் இடமும் சம அளவில் கலந்ததற்கு ‘இருபுரிக் கலவை’ என்று யோசித்தேன். இரண்டு புரி முறுக்கிய கயிறு என்று தோன்றிவிடுமோ என ஐயம். இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.