நம்ம குடும்பம் குழு: ரவுட்டரும் பாட்டி அறைக் கேமராவும்

சனி, இரவு 8:12

கார்த்தி: அக்கா, எக்ஸ்பாக்ஸில் நண்பர்கள் பேசுவது கேட்கவில்லை. 'இரட்டை நேட்' என்று காட்டுகிறது. கருவி கேட்டதும் ரவுட்டர் தானே வழி திறந்துவிடுமே, அந்த யுபிஎன்பி ஆனில்தான் இருக்கிறது.

அம்மா: பிரிண்டரும் என் லேப்டாப்பில் தெரியவில்லை பவானி. திங்கட்கிழமை பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு தாளை அச்சிட வேண்டும்.

பவானி அக்கா: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் அம்மா. வீட்டு பாம் ஷெல்டரின் தடித்த கான்கிரீட் சுவரைத் தாண்டி வைஃபை வரவில்லை என்று தம்பி அறையில் இன்னொரு ரவுட்டர் வைத்தான் இல்லையா? பிரிண்டரும் எக்ஸ்பாக்ஸும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. கூடத்து ரவுட்டரின் முகவரிகள் 192.168.1 என்று தொடங்கும், அறை ரவுட்டருடையவை 192.168.50 என்று. இரண்டும் தனித்தனி வீடு மாதிரி. உள்ளே இருக்கும் கருவியின் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி வெளியே அனுப்புவதுதான் நேட்; அதை இரண்டு ரவுட்டரும் செய்வதால் 'இரட்டை நேட்'.

பவானி அக்கா: எக்ஸ்பாக்ஸ் கேட்ட போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட கதவை, அறை ரவுட்டர் திறந்துவிட்டது. கூடத்து ரவுட்டருக்கு அந்தச் சேதியே போகவில்லை.

கார்த்தி: அறை நெட்வொர்க்குக்கு எப்படிப் போவது என்று கையால் வழி எழுதி வைக்கும் ஸ்டாட்டிக் ரூட் போட்டால் சரியாகும் என்று கூடத்து ரவுட்டரில் போட்டேன். 192.168.50.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.50.1. ஒன்றும் நடக்கவில்லை.

பவானி அக்கா: கேட்வே, அதாவது அடுத்து யாரிடம் கொடுப்பது என்ற முகவரி, தப்பு. 50.1 அறை ரவுட்டரின் உள்பக்க முகவரி. அங்கே எப்படிப் போவது என்றுதானே கூடத்து ரவுட்டர் கேட்கிறது? அதன் வெளிப்பக்க முகவரியான 192.168.1.2-ஐக் கொடுக்க வேண்டும். பக்கத்து புளோக்குக்கு வழி கேட்டவரிடம், அந்த புளோக்கின் பத்தாவது மாடியில் போய்க் கேளுங்கள் என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

பவானி அக்கா: அதைத் திருத்தினாலும் அறை ரவுட்டரில் நேட்டை அணைக்க வேண்டும், அதன் தடுப்புச்சுவரான ஃபயர்வாலும் வழிவிட வேண்டும். யுபிஎன்பி தேடலும் ரவுட்டரைத் தாண்டிப் போகாது. இரண்டு நெட்வொர்க்கைப் பிரித்தே வைக்க வேண்டும் என்றால் ரூட் போடலாம். நமக்கு எதற்கு? ரூட்டை அழித்துவிட்டு அறை ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்று, அப்போது அது தனி நெட்வொர்க் வைக்காமல் கூடத்து நெட்வொர்க்கையே அறைக்கு நீட்டும்.

8:47

கார்த்தி: மாற்றிவிட்டேன். எக்ஸ்பாக்ஸில் இப்போது நேட் 'ஓப்பன்', தடை இல்லை!

அம்மா: தாள் வந்துவிட்டது 🙏

பவானி அக்கா: சரி. கூடத்து ரவுட்டரில் யுபிஎன்பி திறந்துவிட்ட போர்ட்களின் பட்டியல் இருக்கும், அதில் என்ன இருக்கிறது?

கார்த்தி: இரண்டு வரி: போர்ட் எண், அனுப்பும் முறை, கருவியின் முகவரி.
3074 யுடிபி, 192.168.1.20, எக்ஸ்பாக்ஸ்.
554 டிசிபி, 192.168.1.31. இது எது?

சித்தப்பா: 31 பாட்டி அறைக் கேமரா. தெம்பனிஸில் என் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ள நான்தான் போன மாதம் வைத்தேன். ஆனால் எந்த போர்ட்டையும் திறக்கவில்லையே?

பவானி அக்கா: நீங்கள் திறக்கவில்லை சித்தப்பா. கேமராவே கேட்டது, ரவுட்டர் திறந்துவிட்டது. யுபிஎன்பியில் உள்ளே இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் கடவுச்சொல் கேட்காமல் திறந்துவிடும். 554 நேரடிக் காணொளிக்கான போர்ட். இப்போது உலகத்தில் எங்கிருந்தும் அந்தக் கதவைத் தட்டலாம், கேமராவின் கடவுச்சொல் ஒன்றுதான் தடுப்பு. 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் இணையத்தில் இப்படி வெளியே தெரிந்த கேமராக்களுக்குள்தான் புகுந்தது, கம்பெனி வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால். பாட்டி உடை மாற்றும் அறை சித்தப்பா.

சித்தப்பா: பெட்டியில் வந்த கடவுச்சொல்லைத்தான் வைத்திருக்கிறேன் பவானி. இப்பவே மாற்றுகிறேன்.

பவானி அக்கா: மாற்றிவிட்டு அப்டேட்டும் இருக்கிறதா பாருங்கள். கார்த்தி, யுபிஎன்பியை அணை. 192.168.1.20-ஐ எக்ஸ்பாக்ஸுக்கே ஒதுக்கிவிட்டு, 3074 யுடிபியை மட்டும் நீயே கையால் திற. அப்புறம் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடு.

சித்தப்பா: கேமரா ஆப் நின்றுவிடுமா?

பவானி அக்கா: பெரும்பாலும் நிற்காது. கேமரா உள்ளேயிருந்து கம்பெனி சர்வரோடு தானே தொடர்பு வைத்துக்கொள்ளும். அதற்கு வெளியிலிருந்து கதவு வேண்டாம்.

9:20

கார்த்தி: முடிந்தது. பட்டியல் காலி. எக்ஸ்பாக்ஸ் இன்னும் 'ஓப்பன்'தான்.

சித்தப்பா: கடவுச்சொல் மாற்றியாகிவிட்டது. ஆப்பில் பாட்டி தூங்குவது தெரிகிறது.

அம்மா: கேமராவை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன் தம்பி. எழுந்து வெளியே வந்தால் தெரியும், அது போதும்.