எவர்சில்வர் பிக்: ஸ்ட்ரம்மில் கிறீச் சத்தம், முதல் கம்பி அடிக்கடி அறுந்துபோகுது. உதவி தேவை

தங்கச்சிமடம் கொயர்
எல்லாருக்கும் வணக்கம். என்னோடது எலக்ட்ரோ அகூஸ்டிக் கிடார், சேடிலுக்கு (பிரிட்ஜ் கட்டை மேல கம்பியைத் தாங்குற மெல்லிய துண்டு) அடியில் பீசோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலா மாத்துற உணரி). கம்பி 12-53 (முதல் கம்பி 0.012, ஆறாவது 0.053 அங்குலத் தடிமன்) பாஸ்பர் பிரான்ஸ். திருவிழா மேடையில் கடல்காத்துல கிடார் சத்தம் மங்கிப்போகுதுன்னு 0.5 மி.மீ. எவர்சில்வர் பிக்குக்கு (கம்பியை மீட்டுற சின்னத் தகடு) மாறினேன். பளிச்சுன்னு கேக்குது, அது பிடிச்சிருக்கு. ஆனா 4, 5, 6-ஆம் கம்பியில ஸ்ட்ரம் பண்ணா (கம்பிகளைச் சேர்த்து ஒரே வீச்சுல அடிச்சா) 'கிறீச்'னு ஒரு உரசல், ஸ்பீக்கர்ல அது இன்னும் பெருசா வருது. சுத்துக்கம்பியில (எஃகு மேல பிரான்ஸ் இழை சுத்தின தடிக்கம்பி) இருந்து கருப்பா பொடி உதிருது. முதல் கம்பி சீக்கிரமே துருப்பிடிச்சு அறுந்துடுது. பளிச் போகாம உரசலை மட்டும் எப்படிக் குறைக்கிறது?

பாம்பன் ஆறுகம்பி
தம்பி, கம்பி எந்த இடத்துல அறுந்துபோகுதுன்னு சொல்லுங்க. சேடில் மேல அறுந்தா சேடில்ல பிசிறு இருக்கும். ட்யூனர் போஸ்ட்கிட்ட (கம்பியைச் சுத்தி முறுக்குற முளை) அறுந்தா சுத்தின விதம் சரியில்லை. பிக் படுற இடத்துல அறுந்தா மட்டும்தான் பிக் மேல பழி போடலாம். பிக்கை எப்படிப் பிடிக்கிறீங்க, கம்பிக்கு இணையா நேராவா, சாய்ச்சா?

தங்கச்சிமடம் கொயர்
பிக் படுற இடத்துலதாண்ணே. சவுண்ட் ஹோலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பா ஒரு பட்டை விழுந்திருக்கு. கம்பியில மத்த இடமெல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு. பிக்கைச் சாய்ச்சுப் பிடிப்பேன், பிளாஸ்டிக்குல பழகினது அப்படி.

பாம்பன் ஆறுகம்பி
அப்ப பிக்கேதான். 1, 2-ஆம் கம்பி ரெண்டும் சுத்தில்லாத எஃகுக் கம்பி, மேல மெல்லிசா வெள்ளீயப் பூச்சு. எவர்சில்வர் விளிம்பு அந்தப் பூச்சைச் சுரண்டிடுது. வெறும் எஃகுல உப்புக்காத்தும் வேர்வையும் படும்போது முதல்ல துரு பிடிக்கிறது அந்தப் பட்டையிலதான். துருவால குழி விழுந்த இடத்துலயே திரும்பத் திரும்ப அடி விழுறதால அங்கேயே அறுந்துபோகுது. பொடி உதிர்றது சுத்துக்கம்பியோட பிரான்ஸ் தேயுறது.

டோன் விஷயத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் பிக் கொஞ்சம் வளைஞ்சு கம்பியை வழுக்கி விடும். உலோகம் வளையாது, சட்டுனு விடுது. கம்பியைத் தொடுற விளிம்பு எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு மேல் ஹார்மோனிக்ஸ் (அடிப்படைச் சுருதிக்கு மேல கூடவே ஒலிக்கிற கீச்சு அதிர்வுகள்) கிளம்பும். அதனால நீங்க கேக்குற பளிச்சும் சரி, கிறீச்சும் சரி, பெரும்பாலும் விளிம்போட வேலை. பித்தளையா எவர்சில்வரா செம்பாங்கிறது கம்பித் தேய்மானத்தைத்தான் அதிகம் மாத்தும். பிக் விக்கிறவங்க உலோகத்துப் பேரைச் சொல்லியே விக்கிறாங்க. விளிம்பை எப்படி முடிச்சிருக்குன்னு ஒருத்தரும் சொல்றதில்லை, எனக்கு அது பெரிய குறையாப் படுது.

0.5 மி.மீ. தகட்டோட விளிம்பை முழுசா உருட்டினாலும் 0.25 மி.மீ. ஆரம்தான் கிடைக்கும், கிட்டத்தட்ட கத்தி. 1 மி.மீ. தகடுன்னா 0.5 மி.மீ. ஆரம் வரும். ராமநாதபுரம் பாத்திரப் பட்டறையில 1 மி.மீ. பித்தளைத் துண்டு கேட்டுப் பாருங்க. பித்தளை எஃகை விட மென்மை, உங்க முதல் கம்பிக்குப் பதிலா பிக் தேயும். அதுதான் நமக்கு வேணும்.

பழைய பிளாஸ்டிக் பிக்கை வச்சு வரைஞ்சு, தகரம் வெட்டுற கத்திரியால 1 மி.மீ. வெளியே தள்ளி வெட்டுங்க. வளைஞ்ச தகட்டை மரத்துண்டு மேல வச்சுத் தட்டி நேராக்கணும். சின்ன அரத்தால கோடு வரைக்கும் ராவிட்டு, ரெண்டு பக்க விளிம்பையும் 45 டிகிரிக்குச் சரிச்சு, அப்புறம் உருட்டுங்க. பெயிண்ட் கடையில வாட்டர் பேப்பர் (ஈரத்துல தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் கூடக்கூட நைசு) 320, 600, 1000, 2000 வாங்கி, தண்ணி தொட்டு அதே வரிசையில தேயுங்க. அடுத்த நம்பருக்குப் போகுமுன்னாடி முந்தின கீறல் முழுசா மறைஞ்சிருக்கணும். இங்க அவசரப்பட்டா 2000 போட்டும் கிறீச் இருக்கும். கடைசியா பிராஸோ (உலோகத்தைப் பளபளப்பாக்குற திரவம்) போட்டு, பருத்தித் துணியால கண்ணாடி மாதிரி வர்ற வரைக்கும் துடைங்க. சோதிக்க, விளிம்பைக் கட்டைவிரல் நகத்து மேல லேசா அழுத்தி இழுங்க. வெள்ளைக் கோடு விழுந்தா இன்னும் 1000-க்குத் திரும்பணும்.

பிடியையும் மாத்துங்க. சாய்ச்சுப் பிடிச்சா விளிம்பு சுத்துக்கம்பியோட வரி மேல நீளவாட்டுல உரசிக்கிட்டே போகும், கிறீச் பிறக்குறதே அங்கதான். கம்பிக்கு இணையா, முனை 2 மி.மீ.க்கு மேல உள்ள இறங்காம அடிங்க.

கீழக்கரை லீட்
பட்டறை எதுக்கு? செல்லாத 25 பைசா எவர்சில்வர் காசு வீட்டுல கிடக்கும். குவீன் இசைக்குழுவோட கிடார்காரர் பிரையன் மே பழைய பிரிட்டிஷ் சிக்ஸ்பென்ஸ் காசுலதானே வாசிக்கிறார்?

பாம்பன் ஆறுகம்பி
பாய், சிக்ஸ்பென்ஸ் விளிம்புல பல் வெட்டியிருக்கும். அந்தக் கரகரப்பு அவருக்கு வேணும், தம்பிக்கு வேண்டாம். அவர் வாசிக்கிறது மெல்லிய கம்பி போட்ட எலக்ட்ரிக் கிடார்ல. நம்ம 25 பைசா காந்தத்துல ஒட்டுற எஃகு. 1947-லிருந்து வந்த சிக்ஸ்பென்ஸ் செம்பு நிக்கல் கலவை, ஒட்டாது. உங்க எலக்ட்ரிக்குல ஆம்பை ஆன் பண்ணி, கம்பியைத் தொடாம காசை மட்டும் பிக்கப்புக்குக் கிட்ட ஆட்டிப் பாருங்க. ஸ்பீக்கர்ல 'டுப்... டுப்'னு கேட்டா வாசிக்கும்போதும் அது உள்ள கலக்கும். பித்தளையில அந்தத் தொல்லை இல்லை. இன்னொண்ணு, 25 பைசா 2011 ஜூன் 30-லேயே செல்லாம போயிடுச்சு. இப்ப செல்லுற காசை யாரும் ராவ வேண்டாம், சட்டப்படி குற்றம்.

தொண்டி ஒலிபெருக்கி
மேடை ஒலி பத்தி என் பங்கு. சின்ன மிக்ஸர்ல 'ஹை' திருகி பெரும்பாலும் 12 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கும், அதைக் குறைச்சா உரசல் போகாது, காத்தோட்டம்தான் போகும். உரசல் நிறைய உட்காருறது 3-லிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். நகர்த்துற மிட் (எந்த நடு அலைவரிசைன்னு தேர்ந்தெடுக்கிற திருகி) இருந்தா அங்க கொண்டுபோய் 3-4 டெசிபெல் இறக்குங்க. கிடார் ப்ரீஆம்ப்ல (கிடார்லயே இருக்கிற ஒலிக் கட்டுப்பாடு) 'பிரெசன்ஸ்' திருகி இருந்தா முதல்ல அதை நடுவுக்குக் கீழ வைங்க. பீசோ சேடில்ல விழுற அடியை அப்படியே எடுக்கும், அதனால உலோக பிக்கோட முனைச் சத்தம் மைக்கை விட இதுல கூடுதலா வரும்.

ஓபன் ஸ்ட்ரிங்ல (விரல் வைக்காத கம்பி) பிக் படும்போது மட்டும் இரைச்சல் வந்து வந்து போனா, அது எர்த் கோளாறு. அங்க டோனைத் திருகாதீங்க. ஜெனரேட்டர்ல எர்த் கம்பி இருக்கான்னு எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லுங்க. மைக்கும் ஆம்பும் ஒரே போர்டுல இருக்கட்டும். மைக் பட்டு உதட்டுல ஷாக் அடிச்சா வாசிக்கிறதை உடனே நிறுத்துங்க.

தங்கச்சிமடம் கொயர்
பித்தளைத் துண்டு கிடைச்சுது, சொன்ன வரிசையிலேயே தேய்ச்சேன். நகத்துல கோடு விழலை. நேராப் பிடிச்சதும் கிறீச் போயிடுச்சு. ஆனா பளிச்சும் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு. கம்பி துருப்பிடிக்காம இருக்க கோட்டட் கம்பிக்கு மாறலாமா?

பாம்பன் ஆறுகம்பி
பிக்கோட மூணு முனையையும் ஒரே மாதிரி வைக்காதீங்க. கூர்முனையை மட்டும் ஆரம் கொஞ்சம் குறைச்சு, மறுபடி 2000 போட்டு மெருகேத்துங்க, ஆர்ப்பெஜியோவுக்கு (கம்பிகளை ஒண்ணொண்ணா மீட்டுறது) அது. ரெண்டு தோளையும் முழு உருட்டலா விடுங்க, ஸ்ட்ரம்முக்குத் திருப்பிப் பிடிக்கலாம். கையை 2-3 செ.மீ. பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினாலே பாதி பளிச் திரும்பி வந்துடும்.

கோட்டட் கம்பி உலோக பிக்குக்கு ஒத்துவராது. மேல இருக்கிற பாலிமர் உறை பிக் படுற இடத்துல பிசிறு பிசிறா கிழிஞ்சு நிக்கும், காசும் கூடுதல். சாதா பாஸ்பர் பிரான்ஸே போடுங்க. வாசிச்சு முடிச்சதும் உலர்ந்த துணியைக் கம்பிக்கு அடியிலயும் நுழைச்சுத் துடைச்சு, சிலிக்கா ஜெல் பையோட கேஸ்ல மூடிடுங்க. முதல் கம்பி 12 சைஸ்ல தனியா ரெண்டு மூணு வாங்கி, காத்துப் புகாத கவர்ல வைங்க. பித்தளை பிக்குல சுத்துக்கம்பி வரி பதிஞ்சு பள்ளம் தெரிஞ்சா உடனே 1000, 2000 போடுங்க, விட்டா பழைய கிறீச் வந்துடும்.