சுரங்க முகப்பு மாஸ்டரில் ஊசித்துளைகள்: சிலிக்கான் ஊற்றும் முன் எப்படி அடைப்பது?

கர்ஜத் பேங்கர்:
ரயில் மாடலுக்காக எச்ஓ அளவில் (1:87) போர் காட் (மும்பை–புனே இடையிலான மலைப்பாதை) பாணியில் ஒரு சுரங்க முகப்பு. இரண்டு பக்கமும் கல் கட்டுச் சுவர், மேலே பாறைச் சரிவு. 18 × 11 செமீ, அதிகபட்ச உயரம் 2 செமீ. பழைய லேடெக்ஸ் அச்சில் டென்டல் ஸ்டோன் (பல் மருத்துவத்தில் பயன்படும் கடினமான ஜிப்சம் மாவு) ஊற்றி வார்த்தது. இதையே மாஸ்டராக (மூல வடிவமாக) வைத்து சிலிக்கான் மோல்டு எடுக்கணும். சுவரிலும் பாறையிலும் அரை மிமீ முதல் 1 மிமீ வரை ஊசித்துளைகள் பரவலாக இருக்கு. வளைவுக் கல் ஒன்றின் முனை 4 மிமீ அளவுக்கு உடைஞ்சிருக்கு. கல் இடுக்குகளில் சின்னச் சின்னப் பருக்கள் வேற. எம்-சீல் வைத்து அடைத்து உப்புத்தாள் போட்டால் போதுமா? வீடு தாதரில், இப்போ மழைக்காலம். காயவைப்பது பற்றியும் சொல்லுங்க.

கல்தச்சன்:
சுவர்ப் பகுதிக்கு எம்-சீல் வேண்டாம் சார். இறுகிவிட்டால் அது சீக்கிரம் தேயாது. உப்புத்தாள் போடும்போது சுற்றியுள்ள ஸ்டோன்தான் முதலில் தேயும், அடைத்த இடம் மேடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மேட்டையும் சிலிக்கான் அப்படியே பிடிச்சுக்கும், பிறகு ஊற்றும் ஒவ்வொரு பிரதியிலும் வரும். ஸ்டோனை ஸ்டோனாலேயே அடைங்க.

முதலில் பருக்கள். மாஸ்டர் உலர்ந்திருக்கும்போதே 11-ம் நம்பர் பிளேடால் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவணும். பக்கவாட்டில் நெம்பினால் பரு அடியோடு பெயர்ந்து புதுக்குழி விழும்.

அடுத்து, அறையை இருட்டாக்கி மொபைல் டார்ச்சை மாஸ்டருக்கு இணையாகப் படுக்கவைத்து அடிங்க, எல்லாத் துளையும் நிழலோடு தெரியும். பெரும்பாலான துளைகளுக்கு வாய் சின்னது, உள்ளே பெரிய குமிழி. வாயை மட்டும் மூடினால் மேலே மெல்லிய தோல்தான் நிற்கும், மோல்டை உரிக்கும்போது அது சிலிக்கானோடு போய்விடும். அதனால் ஊசியால் வாயைப் பெரிதாக்கி, விளிம்பைச் செங்குத்தாக்கி, தூசியை ஊதி எடுத்துடுங்க.

பிறகுதான் நனைப்பது. பலர் தவறவிடுவது இதைத்தான். உலர்ந்த ஸ்டோன் புதுக் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். இறுகத் தேவையான தண்ணீர் இல்லாமல் அடைப்பு மாவாக உதிரும். ஆனால் குழாய்த் தண்ணீரில் அப்படியே ஊறவைக்கவும் கூடாது. ஜிப்சம் தண்ணீரில் லேசாகக் கரையும், லிட்டருக்கு 2 கிராம் சொச்சம். கூர்மையான விளிம்புகள்தான் முதலில் மழுங்கும். இறுகிய ஸ்டோன் துண்டுகளை ஒரு நாள் ஊறப்போட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்து அதில் மாஸ்டரை வைங்க. குமிழி வருவது நின்றதும் எடுத்து, மேலே நிற்கும் ஈரத்தை மட்டும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்க.

கலவை: 10 கிராம் ஸ்டோனுக்கு 3 மிலி தண்ணீர். இன்சுலின் சிரிஞ்சில் அளந்தால் சரியாக வரும். (இதே வேலை பிஓபி மாஸ்டரில் என்றால் பிஓபியே எடுத்து, 10 கிராமுக்கு 5 மிலி.) 00 பிரஷ்ஷில் தொட்டு வைத்து, ஊசி முனையால் துளைக்குள் கிளறிவிடணும், காற்று வெளியேறும். கொஞ்சம் மேடாகவே விடுங்க. மேலே இருக்கும் நீர்ப்பளபளப்பு மறைந்து பாலாடைக்கட்டி பதத்துக்கு வந்ததும் பிளேடால் மட்டமாகச் சீவுங்க. உப்புத்தாளே தேவைப்படாது. சாந்துக்கோடுகளையும் அந்தப் பதத்திலேயே ஊசியால் திரும்பக் கீறிடணும். நிஜத்தில் 12 மிமீ கோடு இந்த அளவில் 0.14 மிமீதான் வரும், ஆனால் பெயின்ட் ஏறினால் அது மறைந்துபோகும். 0.25 மிமீ வைங்க.

உடைந்த முனைக்கு வெறும் கலவை நிற்காது. 0.6 மிமீ டிரில்லால் இரண்டு துளை போட்டு, 0.5 மிமீ செப்புக் கம்பியை 2 மிமீ நீட்டி நட்டு, அதன் மேல் ஸ்டோன் கட்டி, இறுகும் முன் செதுக்குங்க.

டெக்கான் டிராப்:
கல்தச்சன் அண்ணா சொன்னது சுவருக்கு அப்படியே பொருந்தும். பாறைக்கு மட்டும் நான் வேறு வழி சொல்வேன். அரை மிமீ துளை நிஜ அளவில் 43 மிமீ குழி. பாறையில் குழி இருப்பதில் தப்பில்லை, அது வட்டமாக இருப்பதுதான் வார்ப்பு என்று காட்டிக்கொடுக்கிறது. அதனால் சின்னத் துளைகளை அடைக்காதீங்க. பிளேடு முனையால் விளிம்பின் ஒரு பக்கத்தை உடைத்து, பக்கத்தில் இருக்கும் விரிசலோடு சேர்த்துவிடுங்க. காட் பாறை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்த பசால்ட். படிகள் கிடைமட்டமாகவும் வெடிப்புகள் செங்குத்தாகவும் ஓடணும். சாய்வாகக் கீறினால் ஊர் மாறிவிடும்.

2 மிமீக்கு மேல் உள்ள குழிகளை மட்டும் அடைங்க. அடைத்த இடத்தை வழவழவென்று விட்டால் டிரை பிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் பெயின்ட் தேய்ப்பது) செய்யும்போது பிரஷ் அங்கே எதையும் பிடிக்காது, வழுக்கைத் திட்டாக நிற்கும். பழைய டூத்பிரஷ்ஷின் முடியை 5 மிமீக்கு வெட்டி, கலவை இறுகும் முன் செங்குத்தாகக் குத்துங்க. கசக்கிய அலுமினியம் ஃபாயிலும் நல்லா வேலை செய்யும், ஆனால் ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் வடிவம் கண்ணில் படும், திருப்பித் திருப்பி அழுத்துங்க.

கர்ஜத் பேங்கர்:
ரொம்ப நன்றி. என்னிடம் இருப்பது பிளாட்டினம் சிலிக்கான் (பிளாட்டினம் சேர்மத்தால் இறுகும் வகை). இந்த ஈரத்தில் எத்தனை நாள் காயவைக்கணும்? மேலே அடைத்துப் பூசும் சீலர் எது?

கல்தச்சன்:
நாள் கணக்கு மும்பை மழைக்குச் சரிவராது சார், எடை பாருங்க. 12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நிறுத்து, எடை மாறாமல் இருந்தால் உலர்ந்துவிட்டது. டேபிள் ஃபேன் போதும். ஓவன் வேண்டாம், 45 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சம் தன் படிக நீரையே இழக்கத் தொடங்கும், மேற்பரப்பு மாவாகும். ஈரத்தோடு சீல் செய்தால் பூச்சு கொப்புளிக்கும்.

சீலருக்கு ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்). கடையில் வாங்கியதோடு சம அளவு ஸ்பிரிட் கலந்து இரண்டு மெல்லிய கை. ஈரக்காற்றில் ஷெல்லாக் வெளுத்துவிடும், ஏசி அறையில் அடிங்க. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்க, உறிஞ்சாமல் அப்படியே நின்றால் சரி. உறிஞ்சினால் இன்னொரு கை, அதற்கு மேல் போனால் நுணுக்கங்கள் ரொம்பிவிடும். சீல் செய்யாமல் ஊற்றினால் சிலிக்கான் நுண்துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், துளைக்குள் இருக்கும் காற்றும் குமிழியாகச் சிலிக்கானுக்குள் ஏறும்.

பிளாட்டினம் என்பதால் எச்சரிக்கை. கந்தகம், வெள்ளீயம், அமீன் எது பட்டாலும் அது இறுகாது. கந்தகம் உள்ள களிமண், சரியாக இறுகாத எம்-சீல், லேடெக்ஸ் கையுறை எல்லாமே ஆபத்து. உங்கள் வார்ப்பு லேடெக்ஸ் அச்சில் எடுத்தது என்பதால் சோதனை கட்டாயம். சீல் செய்த மாஸ்டரின் பின்பக்கத்தில் கொஞ்சம் சிலிக்கான் கலந்து தடவுங்க. டப்பாவில் சொன்ன நேரத்துக்குப் பிறகும் பிசுபிசுத்தால் ஊற்றவே வேண்டாம், டின் க்யூர் (வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் சிலிக்கான்) வகைக்கு மாறிடுங்க. அது நாளடைவில் கொஞ்சம் சுருங்கும், பாறைக்கும் சுவருக்கும் பரவாயில்லை.

நாக்தேவி டூல்ஸ்:
இரண்டு சேர்க்கை. அடைப்புக் கலவை கலக்கும் கிண்ணம் சுத்தமாக இருக்கணும். பழைய ஸ்டோன் துகள் ஒட்டியிருந்தால் அதைச் சுற்றியே படிகம் வேகமாக வளரும், பிரஷ்ஷில் எடுப்பதற்குள் கலவை இறுகிவிடும். கலக்கச் சாதாரணத் தண்ணீர்தான், ஊறவைத்த தண்ணீர் வேண்டாம்.

பெட்டியில் மாஸ்டரை ஒட்டும்போது அடி விளிம்பு முழுக்க மெழுகு ஓட்டிவிடுங்க, இல்லையென்றால் சிலிக்கான் அடியில் புகுந்து மாஸ்டரையே தூக்கிவிடும். நான்கு பக்கமும் 1 செமீ, உச்சிக்கு மேல் 1 செமீ விட்டால் பெட்டி 20 × 13 × 3 செமீ, அதாவது 780 மிலி. மாஸ்டர் சராசரி 1.5 செமீ கனம் என்றால் அது 300 மிலி இடம் பிடிக்கும். மீதி 480 மிலி. எடையில் 550 கிராம் வரும், 600 வாங்குங்க. முதல் கை பிரஷ்ஷால் தடவி, துளை அடைத்த இடங்களில் குமிழி இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மீதியை ஒரே மூலையிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுங்க.